புதிய கட்டடங்களும் பொதுமக்கள் கருத்தும்

"வீட்டைக் கட்டிப் பார், கலியாணம் செய்து பார்" என்பது நம் முன்னோர் மொழி. சிறியதொரு வீடு கட்டுவதற்கே நாம் எத்தனை பேரைக் கேட்கின்றோம்! மனையடி பார்ப்பவரைக் கேட்கின்றோம், கொத்தனாரைக் கேட்கின்றோம். அடுக்களைச் சன்னல் எந்தப் பக்கம் அமைய வேண்டும் என்று வீட்டுப் பெண்களைக் கேட்கின்றோம். படியின் உயரம் எவ்வளவு இருந்தால் ஏற முடியும் என்று முழங்கால் வலியுள்ள பாட்டியாரையும் கேட்கின்றோம். இத்தனை பேரைக் கேட்டுக் கட்டிய பின்னும், "இதை இப்படிச் செய்திருக்கலாமே" என்னும் குறை எஞ்சவே செய்கின்றது.

ஒரு குடும்பம் வாழும் வீட்டுக்கே இவ்வளவு கலந்தாய்வு வேண்டுமெனில், பல்லாயிரம் பேர் நாள்தோறும் நுழைந்து வெளியேறும் அரசு மாளிகைக்கும், ஒரு நகரத்தின் முகமாகவே நிற்கப்போகும் பெருங்கட்டடத்துக்கும் யாரைக் கேட்க வேண்டும்? கட்டுபவர் கேட்கின்றனரா? கேட்டால் சொல்லும் தகுதி நமக்கு உண்டா? தகுதி இருந்தும் சொல்லாதிருந்தால் அது குற்றமாகுமா? தலைநகராகிய தில்லியில் பிழைக்க வந்து, இதனையே ஊராகக் கொண்டுவிட்ட நாம் இக்கேள்விகளைச் சற்றே சிந்தித்தல் நலம் எனக் கருதுகின்றோம்.

கேட்க வேண்டா என்பார் கூற்று

கட்டடத்தின் வடிவம் பொதுமக்களைக் கேட்டு முடிவு செய்யத்தக்கதன்று என்போர் உளர். அவர்தம் கூற்றை எளிதில் தள்ளிவிட இயலாது. அறுவை மருத்துவர் நோயாளியின் சுற்றத்தாரைக் கூட்டி வாக்கெடுப்பு நடத்திக் கத்தியைக் கையில் எடுப்பதில்லை. அதுபோலவே கட்டடக் கலையும் கற்றுத் தேர்ந்தவரின் துறை; கல்லாதார் கருத்துக்கு அங்கே இடமில்லை என்பது அவர்கள் வாதம்.

அவர்கள் முதலில் காட்டும் சான்று பாரிஸ் மாநகரத்து ஈஃபில் கோபுரம். 1887-ஆம் ஆண்டு அதன் வேலை தொடங்கியபோது அந்நகரத்து எழுத்தாளரும் ஓவியரும் இசைவாணரும் ஒன்றுகூடிக் கண்டன அறிக்கை விடுத்தனர். சிறுகதை மன்னராகிய மாப்பசானும் அதில் கையொப்பமிட்டவருள் ஒருவர். 1889-இல் எழுந்த அக்கோபுரம் 20 ஆண்டுகளுக்குப் பின் பிரிக்கப்பட வேண்டியதாகவே முதலில் இருந்தது. இன்று அது நீங்கிய பாரிஸை எவரேனும் நினைத்துப் பார்க்கின்றனரா? பாமரர் மட்டுமன்று, படித்தவர் கருத்தும் இவ்வாறு பொய்த்துப்போகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா.

இரண்டாவது சான்று நம் கண்முன்னே உள்ளது. 1911-இல் தலைநகர் மாற்றம் அறிவிக்கப்பட்டு, லட்யென்ஸ், பேக்கர் என்னும் இருவர் திட்டமிட்டு, 1931-இல் திறந்துவைக்கப்பட்ட புதுதில்லியைக் கட்டுமுன் இந்நாட்டு மக்களை எவரும் கேட்கவில்லை. ரைசினா, மால்ச்சா முதலிய சிற்றூர்களின் நிலங்கள் எடுக்கப்பட்டன. அங்கு உழுதுண்டு வாழ்ந்தவர் அகன்றனர். இன்றோ ஊரிலிருந்து வரும் உறவினரை நாம் முதலில் அழைத்துச் செல்லும் இடம் அதுவே. அந்தி வேளையில் இந்தியா வாயிலருகே குழந்தைகளோடு அமர்ந்து பட்டாணியும் கடலையும் கொறிக்கும்போது, இதனைக் கட்டுமுன் யாரையேனும் கேட்டார்களா என்னும் ஐயம் நமக்கு எழுவதில்லை. கேளாது கட்டியதும் அழகாக அமையலாம். கேட்டுக் கட்டியதும் கோணலாகப் போகலாம். இவ்வளவும் உண்மையே.

நூலும் கட்டடமும்

ஆயினும் இக்கூற்றில் ஒரு குறை உண்டு. பிற கலைகளுக்கும் கட்டடக் கலைக்கும் உள்ள வேற்றுமையை அது மறந்துவிடுகின்றது.

பிடிக்காத நூலை மூடிவைத்துவிடலாம். பிடிக்காத பாட்டு வந்தால் வானொலியை நிறுத்திவிடலாம். பிடிக்காத படத்தை இடைவேளையிலேயே விட்டு எழுந்து வந்துவிடலாம். கட்டடத்தை அவ்வாறு விலக்க இயலாது. அதன் முன்னேதான் நாள்தோறும் பேருந்துக்கு நிற்க வேண்டும். அதன் கண்ணாடிச் சுவர் திருப்பி எறியும் வெயிலைத்தான் தாங்க வேண்டும். அதன் படிகளில்தான் ஏறி இறங்க வேண்டும். நாம் விரும்பினும் வெறுப்பினும், நமக்கும் நம் மக்களுக்கும் அவர்தம் மக்களுக்கும் அது எதிரே நின்றுகொண்டிருக்கும். மறுக்க முடியாத பொருளை ஒருவர்மேல் சுமத்துமுன் அவரை ஒரு சொல் கேட்பது அழகுணர்ச்சி பற்றிய செய்தியன்று. அறம் பற்றிய செய்தியாகும். அவருக்குக் கலையறிவு உண்டா என்பது பின்னர் எழும் வினா. சுமப்பவர் அவர் என்பதே அவரைக் கேட்பதற்குப் போதிய காரணம்.

வல்லுநர் தவறார் என்பதும் மெய்யன்று. விஜய் சௌக்கின் அடிவாரத்தில் நின்று குடியரசுத் தலைவர் மாளிகையை நோக்குவோர் ஒன்றைக் கவனித்திருப்பர். சாலை மேடேறும் அவ்விடத்தில் மாளிகை மறைந்து, அதன் குவிமாடத்தின் மேற்பகுதி மட்டுமே தெரியும். சாலையின் சரிவு பற்றி லட்யென்சுக்கும் பேக்கருக்கும் இடையே எழுந்த பிணக்கு வரலாற்றில் பெயர் பெற்றது. தம் மாளிகை இவ்வாறு மறையும் என்பதைக் காலங்கடந்தே உணர்ந்த லட்யென்ஸ், சரிவை மாற்றப் பலமுறை மன்றாடியும் செலவு கருதி அது மறுக்கப்பட்டது. இருபெரும் வல்லுநர் தம்முள்ளேயே சரிவரக் கேட்டுக்கொள்ளாததன் விளைவை நூறாண்டாக நாம் பார்த்துக்கொண்டிருக்கின்றோம்.

சட்டம் கேட்பது எதனை?

"மக்களைக் கேட்பதற்குத்தான் சட்டம் இருக்கின்றதே" என்று நம் அலுவலக நண்பர்கள் கூறுவதுண்டு. உண்மைதான். தில்லி வளர்ச்சிச் சட்டம் 1957-இல் வந்தது. நகரின் பெருந்திட்டத்தை மாற்றுமுன் அறிவிப்பு வெளியிட்டு, மறுப்புகளையும் யோசனைகளையும் பெற வேண்டும் என்பது அதன் ஏற்பாடு. நகரின் எழில் குறித்து அரசுக்கு அறிவுரை கூறத் தில்லி நகர்ப்புறக் கலை ஆணையத்துக்கான சட்டம் 1973-இல் இயற்றப்பட்டது. முதலாவது மக்களைக் கேட்கின்றது. ஆனால் பெரும்பாலும் நிலத்தின் பயன்பாட்டைப் பற்றியே கேட்கின்றது. இரண்டாவது வடிவத்தைப் பற்றிக் கேட்கின்றது. ஆனால் வல்லுநரையே கேட்கின்றது. வடிவத்தைப் பற்றி மக்களைக் கேட்கும் இடம் இவ்விரண்டுக்கும் நடுவே எங்கோ நழுவிப்போயிற்று.

மத்திய விஸ்டா திட்டத்தில் இது தெளிவாகப் புலப்பட்டது. திட்டத்தின் ஆலோசனை நிறுவனம் 2019 அக்டோபரில் தேர்ந்தெடுக்கப்பட்டது. நிலப் பயன்பாட்டு மாற்றம் குறித்த பொது அறிவிப்பு அவ்வாண்டு டிசம்பர் 21-இல் வெளிவந்தது. முப்பது நாள் அவகாசத்தில் 1,292 மறுப்புகளும் யோசனைகளும் வந்து சேர்ந்தன. 2020 பிப்ரவரி 6, 7 ஆகிய இரு நாள்களில் விசாரணை நடைபெற்றது. மார்ச்சு 20-இல் மாற்றம் உறுதியாயிற்று. வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. 2021 சனவரி 5-இல் மூன்று நீதிபதிகளுள் இருவர், சட்டம் வேண்டும் நடைமுறை நிறைவேறியது என்று கூறித் திட்டத்தை ஏற்றனர். மூன்றாமவராகிய நீதிபதி சஞ்சீவ் கன்னா, மக்கள் கருத்துக் கூறுவதற்கு வேண்டிய விவரங்கள் அவர்கள்முன் போதுமான அளவில் வைக்கப்படவில்லை என்று மாறுபட்டார்.

தீர்ப்பு தீர்ப்பேயாகும், அதனை ஆராய்வது நம் தொழிலன்று. ஆனால் அம்மாறுபாட்டில் அடங்கிய அறவினா நம் எல்லார்க்கும் உரியது. எதைப் பற்றிக் கேட்கின்றனர் என்று அறியாத ஒருவனைக் கேட்பது, கேட்டதாகுமா?

மூன்றாம் கட்டத்தில் எழுதியது

இவ்விடத்தில் நம் சொந்தக் குற்றம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டியுள்ளது.

பல ஆண்டுகளுக்கு முன் நாம் இளநிலை எழுத்தராக இருந்தபோது, பொதுமக்கள் வந்துபோகும் ஓர் அலுவலகக் கட்டடத்தைப் புதுப்பித்துக் கட்டுவது பற்றிய கடிதங்கள் நம் மேசைக்கு வந்தன. எந்த அலுவலகம் என்பது வேண்டா. ஐம்பது அறுபது கடிதங்கள் இருக்கும். அவற்றை ஓர் அட்டவணையாக்குவது நம் பணி. முதற்கட்டத்தில் எழுதியவர் பெயர். இரண்டாம் கட்டத்தில் கடிதத்தின் சுருக்கம். மூன்றாம் கட்டத்தில் எடுத்த நடவடிக்கை.

நாம் எதிர்பார்த்தது வேறு. தூண் வேண்டும், குவிமாடம் வேண்டும், தாமரை வடிவம் வேண்டும் என்று ஆளுக்கொன்று எழுதியிருப்பர் என நினைத்தோம். அழகைப் பற்றிப் பேசிய கடிதங்கள் நான்கைந்துக்கு மேல் இல்லை. மற்றவை எல்லாம் நிழலையும், படியையும், குடிநீரையும், கழிப்பறையையும், வாயில் எந்தச் சாலையை நோக்க வேண்டும் என்பதையும் பற்றியன. நீல மையில் இந்தியில் எழுதிய ஓர் அம்மையாரின் கடிதம் இன்றும் நம் நினைவில் உள்ளது. ஆண்டுதோறும் ஓய்வூதியத்துக்காக வந்து வரிசையில் நிற்பவர் அவர். "புதிய கட்டடம் எவ்வாறு இருந்தாலும் சரி, வாயிலில் ஒரு கூரையும், அதன் கீழ் உட்காரச் சிறு திண்ணையும் வைத்தால் போதும். பழைய கட்டடத்தில் ஒரு வேப்பமரமாவது இருந்தது" என்பது அதன் பொருள்.

அட்டவணையின் மூன்றாம் கட்டத்தில், மேலே இருந்தோர் கூறியபடி, எல்லாக் கடிதங்களுக்கும் நேரே ஒரே தொடரை எழுதினோம்: "குறித்துக்கொள்ளப்பட்டது." கையெழுத்து அழகாக இருந்ததென்று பாராட்டும் பெற்றோம்.

கட்டடம் எழுந்தது. முகப்பு முழுவதும் கண்ணாடி. வாயிலில் கூரை இல்லை, திண்ணையும் இல்லை, வேப்பமரமும் இல்லை. நம் பேருந்து அவ்வழியே செல்கின்றது. மே மாதத்து வெயிலில் தலையில் துணியைப் போட்டுக்கொண்டு முதியோர் நிற்பதைக் காணும்போதெல்லாம், அந்த ஒற்றைத் தொடர் நினைவுக்கு வருகின்றது. அதில் பொய் ஏதுமில்லை. நாம் குறித்துக்கொள்ளத்தான் செய்தோம். ஆனால் அந்த அம்மையார்க்கு, "உம் யோசனை ஏற்கப்பட்டது" என்றோ, "இன்ன காரணத்தால் ஏற்க இயலவில்லை" என்றோ ஒரு வரி எழுதுவோர் அந்த அலுவலகத்தில் எவரும் இலர். நாமும் எழுதவில்லை; எழுத வேண்டுமென்று எவரிடமும் எடுத்துச் சொல்லவும் இல்லை.

அன்று நாம் கற்றது இரண்டு. மக்களுக்கு அழகு தெரியுமா என்னும் வினாவே பெரும்பாலும் பொருந்தாத வினா. மக்கள் கட்டடக் கலைஞர் ஆக விரும்புவதில்லை. தம் உடம்பு அறிந்ததைக் கூறுகின்றனர். அவ்வறிவு எவ்வளவு கற்ற வல்லுநருக்கும் தாமாக வாய்ப்பதன்று. மற்றொன்று, கேட்டல் என்பது கைகளை எண்ணுவதன்று; மறுமொழி கூறுவதே கேட்டலின் முடிவு. நூறு பேர் கூறியதை மறுத்து வல்லுநர் ஒருவர் தம் வடிவத்தையே கட்டலாம். ஈஃபில் அதைத்தான் செய்தார். ஆனால் ஏன் மறுத்தார் என்று அந்நூறு பேர்க்கும் விளங்கக் கூறும் கடமை அவர்க்கும், அவரை ஏவியவர்க்கும் உண்டு. செவிக்குக் கசக்கும் சொல்லைப் பொறுத்துக் கேட்பதை வேந்தனின் பண்பாக வள்ளுவர் வைத்தார். பொறுத்துக் கேட்டபின் வாளா இருந்துவிடலாம் என்று அவர் கூறியதாக நாம் கொள்ளலாகாது.

நம்மவர் மௌனம்

குறை முழுவதையும் கட்டுவோர் தலையில் சுமத்திவிடுவது நேர்மையாகாது. கேட்டபோதும் நாம் சொன்னோமா?

பிரகதி மைதானத்து நாடுகளின் அரங்கை நம்மில் அறியாதார் குறைவு. ராஜ் ரேவால் வடிவமைக்க, பொறியாளர் மகேந்திர ராஜ் கணக்கிட, 1972-இல் எழுந்தது அது. எஃகு அரிதாயிருந்த காலத்தில், பின்னல் போன்ற அவ்வமைப்பைத் தொழிலாளர் கைகளாலேயே கான்கிரீட்டில் வார்த்தனர். நவம்பர் மாதத்துப் பொருட்காட்சிக்குக் குழந்தைகளை அழைத்துச் சென்று அதன் நிழலில் கட்டுச்சோற்றை அவிழ்த்தவர் நாம். 2017 ஏப்ரலில் ஓர் இரவில் அது இடிக்கப்பட்டது. அதனைக் காக்க வேண்டும் என்று உள்நாட்டு வெளிநாட்டுக் கட்டடக் கலைஞர்கள் மன்றாடியபோது, அதன் நிழலை உண்மையில் துய்த்த நம் குடும்பங்களிலிருந்து ஒரு குரலும் எழவில்லை. இடிந்த பிறகே, "அடடா, அதையா இடித்தார்கள்?" என்றோம். அதே மைதானத்தில் பாரத் மண்டபம் 2023 சூலையில் திறக்கப்பட்டது. அதனைப் பற்றியும் நமக்குக் கருத்து உண்டு; கேட்பார் இல்லாத தேநீர்க் கடையில் அதைக் கூறுகின்றோம்.

அரசு ஊழியர் குடியிருப்புகளின் கதையும் அதுவே. சரோஜினி நகர், நேதாஜி நகர், நவ்ரோஜி நகர் முதலிய ஏழு குடியிருப்புகளை மாற்றிக் கட்ட 2016 சூலையில் அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. 12,970 வீடுகளுக்கு மாற்றாக ஏறத்தாழ 25,667 வீடுகள் என்பது அன்றைய கணக்கு. வீட்டுக்காகப் பல்லாண்டு காத்திருந்த ஊழியரை நினைத்தால், அத்தேவை மெய்யானது என்பதை மறுக்க முடியாது. ஆனால் வாசலில் கோலம் போட நான்கு சாண் தரையும், வடகம் காயவைக்க வெயில் விழும் முற்றமும் உள்ள வீட்டில் வாழ்ந்த நம் பெண்டிர், அடுக்குமாடியில் அவை எங்கே என்று தமக்குள் பேசிக்கொண்டனரேயன்றி ஒருவருக்கும் எழுதவில்லை. 2018 சூனில் சரோஜினி நகரில் மரங்களைத் தழுவி நின்றவர் வேறு மக்கள். அவர்களால் உயர் நீதிமன்றம் மரம் வெட்டுவதை நிறுத்திவைத்தது. வரைபடங்கள் மறுபடி ஆராயப்பட்டன. அதற்குள் நேதாஜி நகரிலும் நவ்ரோஜி நகரிலும் பல மரங்கள் வீழ்ந்துவிட்டன.

நாம் ஏன் பேசவில்லை? "இன்னும் சில ஆண்டுகளில் ஓய்வு பெற்று ஊருக்குப் போய்விடுவோம், நமக்கேன் இந்த வம்பு?" என்பதே நம் வீடுகளில் கேட்கும் விடை. அவ்வாறு கூறியவருள் பலர் ஓய்வுக்குப் பின்னும் இங்கேயே பேரன் பேத்தியரைப் பள்ளிக்கு அழைத்துச் செல்கின்றனர். மத்திய விஸ்டா பற்றிய அந்த 1,292 கடிதங்களுள் நமக்குத் தெரிந்த குடும்பங்களிலிருந்து சென்றது ஒன்றேனும் இல்லை. நாமும் எழுதவில்லை. 2023 மே 28-இல் புதிய நாடாளுமன்றம் திறக்கப்பட்டு, 1947-இல் நேருவிடம் அளிக்கப்பெற்ற திருவாவடுதுறை ஆதீனத்துச் செங்கோல் மக்களவையில் வைக்கப்பட்டபோதுதான் நம்மவர் விழித்துக்கொண்டு, ஏற்றும் மறுத்தும் வீட்டுக்கு வீடு பேசினர். உள்ளே வைத்த ஒரு பொருள் நம்முடையது என்றதும் எழுந்த அக்கறை, அதைச் சுற்றி எழுந்த கட்டடத்தின்மேல் நான்கு ஆண்டுகளாக ஏன் எழவில்லை?

இதன் மறுபுறத்தையும் எண்ணிப் பார்த்தல் தகும். இராமகிருஷ்ணபுரத்துக் குன்றின்மேல் சுவாமிநாதனுக்கு நம்மவர் எடுத்த கோயில் 1973-இல் குடமுழுக்குக் கண்டது. சுற்றிலும் வாழ்ந்த பஞ்சாபியருக்கும் பிறர்க்கும் அத்தென்னாட்டு விமானம் அன்று புதியதொரு வடிவமே. "எங்கள் கண்முன்னே இஃது எதற்கு?" என்று அவர்கள் முகஞ்சுளிக்கவில்லை. இன்று அவர்களும் குடும்பத்தோடு படியேறி வந்து திருநீறு பெற்றுச் செல்கின்றனர். நம் வடிவத்தை இந்நகரம் ஏற்றுக்கொண்டது. இந்நகரத்தின் வடிவத்தில் நமக்குப் பங்கில்லை என்று நாம் ஒதுங்குவது நன்றிக்கு அழகன்று. ஓர் ஊரில் எவன் பிறந்தான் என்பதைவிட, எவன் அதன் வெயிலில் நடக்கின்றான் என்பதே அவ்வூரைப் பற்றிப் பேசும் உரிமையைத் தரும் என்பது நம் துணிபு.

செய்யத் தக்கது

அரசு ஊழியராகிய நமக்கு ஓர் அச்சம் உண்டு. 1964-ஆம் ஆண்டு நடத்தை விதிகள் அரசைக் குறை கூறுவதைத் தடுக்கின்றனவே, நாம் எப்படி எழுதுவது என்பர். சட்டமே நம் கருத்தை அழைக்கும்போது, குடியிருப்போர் என்னும் முறையில் பணிவோடு விடையளிப்பது குறை கூறலாகாது என்று நாம் கருதுகின்றோம். நீண்ட கடிதம் வேண்டா; கலைச்சொற்கள் வேண்டா. நம் உடம்பும் நம் வீட்டு முதியோர் உடம்பும் அறிந்ததை ஒரு பக்கத்தில் எழுதி, மறுமொழி வேண்டும் என்று கடைசியில் ஒரு வரி சேர்த்தால் போதும். இம்மலரைப் படிப்போருள் அட்டவணை எழுதும் மேசையில் அமர்ந்திருப்போரும் பலர் இருப்பர். மூன்றாம் கட்டத்தில் ஒரு காரணம் எழுத அவர்கள் முயல வேண்டும் என்பது நம் வேண்டுகோள்.

சென்ற ஆண்டு நம் குடியிருப்பில் சமுதாயக் கூடம் ஒன்று கட்டுவதற்கான வரைபடத்தை அறிவிப்புப் பலகையில் ஒட்டினர். பதினைந்து நாளுக்குள் கருத்துக் கூறலாம் என்றிருந்தது. நாம் ஒரு கடிதம் எழுதினோம். வாயிலில் ஒரு கூரையும், அதன் கீழ் காத்திருப்போர் உட்காரச் சிறு திண்ணையும் வேண்டும் என்று கேட்டோம். அந்த யோசனை நம்முடையதன்று. நீல மையில் எழுதிய அம்மையாருடையது. மறுமொழி இதுவரை வரவில்லை. சென்ற வாரம் நினைவூட்டுக் கடிதம் ஒன்று அனுப்பியிருக்கின்றோம்.